பிடிபட்ட மீன் எந்த ஆற்றுடையது? சால்மன் மரபணு ஆய்வை வேலூரில் இருந்தே கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலோ உயிரித்தொழில்நுட்பமோ படித்துவிட்டு மீன் மரபியலுக்குள் நுழைய நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலில்லாத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, நம் நாட்டு ஆறுகளுக்கே வராத சால்மனைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்? ஒரே வலையில் விழுந்த மீன்களை அவை பிறந்த ஆறு வாரியாகப் பிரித்து, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மீன்பிடிப்பைத் திறப்பதும் மூடுவதும் பசிபிக் சால்மனில்தான் நன்றாக முதிர்ந்திருக்கிறது. அந்த முறை பிடிபட்டுவிட்டால் மோர்தானா அணை விராலுக்கும் காவிரி மஹசீருக்கும் அதையே கொண்டுபோகலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எந்தக் கருவி, எந்த மென்பொருள், எத்தனை குறிப்பான்கள் (மீனுக்கு மீன் வேறுபடுவதால் அடையாளமாக உதவும் டிஎன்ஏ பகுதிகள்) என்று. இந்த ஆய்வின் தலையெழுத்து ஆய்வகத்தில் எழுதப்படுவதில்லை. எந்தத் தண்ணீரில், எந்தப் பருவத்தில், யாருடைய பிள்ளைகளின் துடுப்பை வெட்டினீர்கள் என்பதில்தான் அது எழுதப்படுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் கரையோர வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சால்மனைப் பிரித்தறிய முடிவது எதனால்

சால்மன் ஆற்று நன்னீரில் பொரிக்கிறது, கடலுக்குப் போய் வளர்கிறது, சில ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலும் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது. சில மீன்கள் வழி மாறி வேறு ஆற்றில் ஏறுவதுண்டு, ஆனால் அது சிறு பங்குதான். இப்படித் தலைமுறை தலைமுறையாக உறவு வட்டம் ஆற்றுக்குள்ளேயே சுழல்வதால், ஒவ்வோர் ஆற்றிலும் அல்லீல்களின் (ஒரே மரபணு இடத்தின் மாற்று வடிவங்களின்) விகிதம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது. பிங்க் சால்மனில் இது இன்னும் கூர்மை. அதன் ஆயுள் சரியாக இரண்டு ஆண்டுகள். ஆகவே ஒற்றைப்படை ஆண்டில் முட்டையிடும் கூட்டமும் இரட்டைப்படை ஆண்டில் முட்டையிடும் கூட்டமும் ஒரே ஆற்றில் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. இரண்டும் மரபணுவில் தெளிவாக வேறுபட்டு நிற்கின்றன.

சிக்கல் கடலில் தொடங்குகிறது. அங்கே எல்லா ஆற்று மீன்களும் கலந்து திரிகின்றன, வலை ஆறு பார்த்து விழுவதில்லை. கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் பருவத்தின் கடைசியில் ஏறும் சாக்கை சால்மன்களில் எண்ணிக்கை கொழுத்த கூட்டங்கள் உண்டு. அவற்றோடு கலந்தே வருகிறது கல்டஸ் ஏரியின் நலிந்த சிறு கூட்டம். கொழுத்ததை மனம்போல் பிடித்தால் நலிந்தது அழிந்துவிடும். அமெரிக்காவும் கனடாவும் 1985இல் கையெழுத்திட்ட பசிபிக் சால்மன் உடன்படிக்கையும் இதே கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது: ஒருவர் ஆற்றில் பிறந்த மீனை மற்றவர் எவ்வளவு பிடிக்கிறார்?

முன்பு இதைச் செதில் வளையங்களின் அமைப்பை வைத்தும், குஞ்சின் மூக்குப் பகுதியில் செருகிய குறியீட்டுக் கம்பித் துணுக்கை வைத்தும் கணித்தார்கள். பிறகு நொதிப் புரதங்களின் வகைகளைப் பார்த்தார்கள். அதற்கு மீனைக் கொன்று தசை, கல்லீரல், இதயம், கண் எல்லாவற்றையும் உறைநிலையிலேயே ஆய்வகம் சேர்க்க வேண்டியிருந்தது. 1990களில் டிஎன்ஏ முறைகள் பரவியதும் ஒரு துண்டுத் துடுப்பே போதும் என்றாயிற்று.

முதல் படி: முடிவெடுப்பவரின் கேள்வியை எழுதுங்கள்

"இந்த மீன்களின் மரபணு வேறுபாட்டை ஆராய்தல்" என்பது கேள்வியே அல்ல. யார், எந்தத் தேதிக்குள், என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்று எழுத வேண்டும். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை சால்மன் கரைக்கு வருமுன் போர்ட் மோலர் அருகே சோதனை வலை போடுகிறார்கள். அங்கே அகப்படும் மீன்கள் விரிகுடாவின் ஆறுகளை எட்ட ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். அதற்குள் திசு விமானத்தில் ஆங்கரேஜ் ஆய்வகத்துக்குப் போய், எந்த ஆற்று மீன் எவ்வளவு என்ற கணக்கு மேலாளர் கைக்கு வந்துவிட வேண்டும். அந்த ஒரு வாரக் கெடுதான் எந்தக் குறிப்பானைப் பயன்படுத்துவது, எத்தனை மீனைப் பார்ப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

கேள்வியிலிருந்தே "அறிக்கைக் குழுக்கள்" பிறக்கும். ஒரே மாதிரி நிர்வகிக்கப்படும் பல ஆறுகளை ஒரு குழுவாகச் சேர்க்கலாம். பிரித்தே ஆக வேண்டிய ஆறு தனிக் குழுவாக நிற்கும். பிரித்தறிய முடிகிறது என்பதற்காக மட்டும் முப்பது குழு வைத்துக்கொள்ளாதீர்கள், அதைக் கொண்டு முடிவெடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: அடிப்படைத் தொகுப்பு

கலந்த மீனை அடையாளம் காண, கலக்காத மீன் முதலில் கையில் இருக்க வேண்டும். முட்டையிடும் இடத்திலேயே, முட்டையிடும் பருவத்திலேயே பிடித்த மீன்களின் மரபணுப் பதிவுதான் அடிப்படைத் தொகுப்பு. அலாஸ்கா ஆய்வகத்தில் ஓர் இடத்துக்கு 95 மீன்கள் என்பது வழக்கமான இலக்கு. டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் வேலைக்கான தட்டில் 96 குழிகள் இருக்கின்றன, ஒன்று மீனில்லாத வெற்றுச் சோதனைக்குப் போய்விடுகிறது. நீங்கள் 50 மீனுக்குக் குறையாமல் பாருங்கள். அரிய அல்லீல்கள் நிறைய உள்ள மைக்ரோசாட்டலைட் குறிப்பான் (விளக்கம் நான்காம் படியில்) என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். ஓர் ஆண்டு மட்டும் எடுத்தால் அந்த ஆண்டின் தற்செயலையே ஆற்றின் இயல்பு என்று நம்பிவிடுவோம். குறைந்தது இரண்டு ஆண்டுகள், முடிந்தால் வெவ்வேறு வயது மீன்கள்.

தொகுப்பில் எந்த ஆறும் விடுபடக் கூடாது. கணக்கிடும் மென்பொருள் ஒவ்வொரு மீனையும் பட்டியலில் உள்ள ஏதோ ஓர் ஆற்றுக்கு ஒதுக்கியே தீரும். தபால்காரர் பட்டியலில் இல்லாத ஊருக்கு வந்த கடிதத்தைப் பக்கத்து ஊரில் கொடுத்துவிட்டுப் போவதைப் போல, விடுபட்ட ஆற்றின் மீன் முழுவதும் அதன் மரபணு நெருக்கமுள்ள ஆற்றின் கணக்கில் விழும். முடிவு பார்க்க நேர்த்தியாக இருக்கும், பிழை வெளியே தெரியவே தெரியாது.

இதை நம் ஊர் மீனில் பழகுவது எப்படி? கட்லாவையும் ரோகுவையும் எடுக்காதீர்கள். அவை வடக்கே கங்கைப் பக்கத்திலிருந்து தெற்கே கொண்டுவரப்பட்ட மீன்கள். நம் ஏரிகளில் பொரிப்பகக் குஞ்சுகளாக மீண்டும் மீண்டும் விடப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்தால் தெரியவருவது பொரிப்பகத்தின் வரலாறு. விரால் பெரும்பாலும் தானே பெருகுகிறது, ஆகவே அதை எடுங்கள். பழைய வட ஆர்க்காட்டுக்குள்ளேயே இரண்டு ஆற்றுப் படுகைகள் கிடைக்கின்றன. குடியாத்தம் பக்கம் கவுண்டன்யா ஆற்றின் மோர்தானா அணையும், பாலாற்று அணைக்கட்டின் கால்வாயில் நீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரியும் பாலாற்றுப் படுகை. செங்கம் பக்கத்துச் சாத்தனூர் அணை தென்பெண்ணைப் படுகை. பாலாறு, தென்பெண்ணை என்ற இரு படுகைகளையும் ஒப்பிடுவது நல்ல தொடக்கம்.

காவேரிப்பாக்கம் ஏரியையும் தூசி மாமண்டூர் ஏரியையும் ஒப்பிட்டு வேறுபாடு தேடினால் ஏமாற வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டுக்கும் தண்ணீர் ஒரே அணைக்கட்டிலிருந்து பிரிகிறது. ஒரு ஏரி கோடி போனால் (நிரம்பி வழிந்தால்) அதன் மீன் அடுத்த ஏரியில் இருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டபோது எத்தனை ஏரிகளின் மீன்கள் கலந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே மாதிரி எடுக்கும் ஒவ்வோர் ஏரிக்கும் அது எந்தெந்த ஆண்டில் கோடி போனது, கோடித் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, யார் எப்போது குஞ்சு விட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடமும் குத்தகைதாரரிடமும் கேட்டு எழுதிவிடுங்கள். பின்னால் வரைபடத்தில் புரியாத புள்ளி ஒன்று தனித்து நின்றால் இந்தக் குறிப்பேடுதான் கைகொடுக்கும்.

விராலில் இன்னொரு பெரிய கண்ணி இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரியோரப் புல்லுக்கிடையே செந்நிறக் குஞ்சுகள் ஒரு கைப்பிடி மேகமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கும், அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். ஒரு வீச்சில் ஐம்பது மாதிரி கிடைத்துவிட்டது என்று தோன்றும். அத்தனையும் ஒரே குடும்பம். அதை ஏரியின் அல்லீல் விகிதம் என்று எழுதினால் ஒரு தம்பதியின் விகிதத்தைத்தான் எழுதியிருப்பீர்கள். சால்மன் ஆய்வாளர்களும் குஞ்சுகளிடம் இதே தொல்லையைப் படுகிறார்கள், அதனால்தான் முட்டையிட வந்த பெரிய மீன்களையே விரும்புகிறார்கள். பெரிய விரால்களையே எடுங்கள். அதையும் ஏரியின் பல பக்கங்களிலிருந்து, பல நாட்களில் எடுங்கள்.

மீன் மார்க்கெட்டில் வாங்கிய மீன் அடிப்படைத் தொகுப்புக்கு உதவாது. விற்பவர் நாணயமாகவே சொன்னாலும், கூடையில் எத்தனை ஏரி கலந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் கலப்பைப் பிரித்துப் பழக, மார்க்கெட் கூடையை விட நல்ல பயிற்சிப் பொருள் வேறில்லை.

மூன்றாம் படி: துடுப்பு வெட்டுதல்

ஏரி மீன்பிடி உரிமை பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ குத்தகைதாரரிடமோ இருக்கும். அணை என்றால் மீன்வளத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திசுவையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.

வேலை நடக்கும் விதம் இது. வால் துடுப்பின் ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். பெரிதாக வெட்டிப் போட்டால் எத்தனால் உள்ளே ஊறுமுன் நடுப்பகுதி அழுகத் தொடங்கும். குழாயில் திசுவைப் போலப் பல மடங்கு எத்தனால் இருக்க வேண்டும், 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தூய்மையானது. மறுநாள் பழைய எத்தனாலைக் கொட்டிப் புதியது ஊற்றுங்கள், மீனிலிருந்து இறங்கிய நீர் அதை நீர்த்துவிட்டிருக்கும். அருங்காட்சியகப் பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், டிஎன்ஏ பாழாகிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கத்தரியைத் துடைத்து, எத்தனாலில் முக்கித் தீயில் காட்ட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரையும். பென்சிலால் எண் எழுதிய சிறு காகிதத்தைக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். மூடியின் மேல் மட்டும் எழுதினால், மூடி மாறினால் மீனும் மாறிவிடும். நீளம், எடை, பால், தேதி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஒரு பக்கவாட்டுப் புகைப்படம் எல்லாம் அந்த எண்ணின் கீழே வர வேண்டும்.

தூய எத்தனால் வாங்கக் கட்டுப்பாடுகள் உண்டு, கல்லூரியின் இருப்பிலிருந்து துறைத்தலைவர் வழியாகக் கேட்டு வாங்குவதே நல்லது. கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அலாஸ்காவில் துடுப்படியில் உள்ள சிறு திசுவை வாட்மன் வடிகட்டித் தாளில் கட்டம் கட்டமாக ஒட்டி உலர்த்துகிறார்கள். அங்கே ஈரத்தோடு போராட வேண்டும், வேலூரில் அந்தக் கவலை குறைவு. ஆனால் நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயிலின் புறஊதாக் கதிர் டிஎன்ஏவைச் சிதைக்கும். உலர்ந்ததும் சிலிகா ஜெல் போட்ட உறையில் மூடிவிடுங்கள். கோடையில் எத்தனால் குழாய்களை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம், நம் ஊர் மே மாதத்தில் மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

நான்காம் படி: ஆய்வகமும் குறிப்பானும்

டிஎன்ஏ பிரித்தெடுப்பதை எந்தச் செய்முறைக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம்: புரோட்டினேஸ் கே நொதியோடு 55 டிகிரி அளவில் ஊறவைத்தல், புரதத்தை நீக்குதல், ஆல்கஹாலில் வீழ்படிவாக்கல், அகரோஸ் ஜெல்லில் சரிபார்த்தல். வேலூர்க் கல்லூரிகளில் இதற்கான வசதி பெரும்பாலும் உண்டு. டிஎன்ஏ துண்டின் நீளத்தையும் எழுத்து வரிசையையும் வாசிக்கும் தந்துகி வரிசையாக்கிக் கருவிக்கு மட்டும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

குறிப்பான் தேர்வு அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. முதலில் எல்லா மீனும் ஒரே இனம்தானா என்று உறுதிசெய்யுங்கள். சிறிய விராலும் குரவையும் அவசரத்தில் கலந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் ஏறத்தாழ 650 காரங்களை (டிஎன்ஏவின் எழுத்துகளை) வாசித்தால் இனம் தெரிந்துவிடும். ஆனால் அது தாய்வழி மட்டுமே வரும் ஒற்றைக் குறிப்பான், ஆறு வாரியாகப் பிரிக்க அதை மட்டும் நம்ப முடியாது.

மைக்ரோசாட்டலைட் என்பது இரண்டு முதல் ஆறு காரங்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதி. திரும்பும் எண்ணிக்கை மீனுக்கு மீன் மாறும், அதனால் சில மரபணு இடங்களே நிறையத் தகவல் தரும். விராலுக்கு ஏற்கெனவே வெளியான பிரைமர்கள் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இருக்கின்றன. குறை என்னவென்றால், ஒரே துண்டின் நீளத்தை ஓர் ஆய்வகம் 182 காரம் என்றும் இன்னோர் ஆய்வகம் 184 என்றும் படிக்கும். சினூக் என்ற இன்னொரு பசிபிக் சால்மன் இனத்துக்கு அமெரிக்க, கனடிய ஆய்வகங்கள் ஒன்றுகூடி 13 மைக்ரோசாட்டலைட் இடங்களைத் தேர்ந்து, அளவீட்டை ஒத்திசைத்த பிறகே ஒருவர் தரவை மற்றவர் பயன்படுத்த முடிந்தது. எஸ்என்பி என்பது ஒற்றைக் கார மாற்றம். அங்கே ஏ அல்லது ஜி என்று எழுத்தாகவே பதில் வருவதால் ஆய்வகம் மாறினாலும் முடிவு மாறாது, ஆனால் நூற்றுக்கணக்கில் தேவைப்படும். 2015இல் வெளியான ஜிடி-சீக் முறை ஆயிரக்கணக்கான மீன்களில் நூற்றுக்கணக்கான எஸ்என்பிகளை ஒரே ஓட்டத்தில் வாசிக்க வழி செய்தது. என் பரிந்துரை: முதல் திட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மைக்ரோசாட்டலைட் போதும். கருவி வரையும் உச்சிகளைக் கையால் படித்துப் பழகியவர்களுக்குத்தான் தரவின் மேல் கண் இருக்கும்.

சால்மனிலிருந்து ஓர் எச்சரிக்கை. ஒரே ஆற்றில் வசந்தத்தில் ஏறும் சினூக்கும் இலையுதிர் காலத்தில் ஏறும் சினூக்கும் நடுநிலைக் குறிப்பான்களில் (இயற்கைத் தேர்வு தொடாத பகுதிகளில்) நெருங்கிய உறவாகத் தெரிந்தன. 2017இல் வெளியான ஆய்வு, ஏறும் காலத்தோடு இறுகப் பிணைந்திருப்பது கிரெப்1எல் என்ற மரபணுவை ஒட்டிய ஒரு சிறு பகுதி என்று காட்டியது. நடுநிலைக் குறிப்பானை மட்டும் பார்த்து "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லியிருந்தால், முன்பருவ மீன் அழிவதைக் கவனிக்காமலே விட்டிருப்போம்.

ஐந்தாம் படி: வாசித்ததைச் சோதித்தல்

மைக்ரோசாட்டலைட் துண்டை வாசித்த திரையில், அதன் நீளத்தைக் காட்டும் ஓர் உயர்ந்த உச்சியும் அதற்கு இடப்புறம் இரண்டிரண்டு காரம் தள்ளிக் குட்டி உச்சிகளும் தெரியும். குட்டிகள் பிசிஆர் வழுக்கலால் வருபவை, அவற்றை அல்லீல் என்று எண்ணக் கூடாது. நீளமான அல்லீல் சில நேரம் மங்கி மறைந்துவிடும், இரு வகை அல்லீல் உள்ள மீன் ஒரே வகை உள்ளதாகப் பதிவாகும். ஏதோ ஒரு மரபணு இடத்தில் மட்டும், எல்லா ஏரியிலும் ஹார்டி-வெய்ன்பெர்க் சமநிலை (தற்செயலாக இணைசேரும் கூட்டத்தில் எதிர்பார்க்கப்படும் அல்லீல் சேர்க்கைகளின் விகிதம்) கெட்டிருந்தால் குற்றம் குறிப்பானில் இருக்கும். ஓர் ஏரியில் மட்டும், எல்லா மரபணு இடங்களிலும் கெட்டிருந்தால் அந்த மாதிரியில் குடும்பமோ கலப்போ இருக்கிறது என்று பொருள். நூற்றுக்கு எட்டு, பத்து மீன்களைத் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்து பிழை விகிதத்தை எழுதுங்கள்.

கூட்டங்களின் விலகலை எஃப்எஸ்டி என்ற எண் சொல்லும், பூஜ்யம் என்றால் வேறுபாடே இல்லை. பக்கத்துச் சால்மன் ஆறுகளுக்கிடையே 0.05க்கும் குறைவாக வருவது சாதாரணம். எண் சிறியது என்று மனம் தளர வேண்டாம், சிறிய விலகலிலும் போதிய குறிப்பான் இருந்தால் கலப்பைப் பிரிக்க முடியும்.

ஆறாம் படி: மடிக்கணினியில் சால்மன்

மீன் பிடிக்கும் முன்பே இதைச் செய்து பாருங்கள் என்பது என் விருப்பம். ஆர் என்ற கணினி மொழியில் இலவசமாகக் கிடைக்கும், கலப்பைப் பிரித்துக் கணக்கிடும் ரூபியாஸ் என்ற மென்பொருளோடு சினூக் சால்மனின் அடிப்படைத் தொகுப்பும் கலப்பு மாதிரியும் கூடவே வருகின்றன. தரவு அட்டவணையின் முதல் நான்கு நிரல்கள் மாதிரி வகை, அறிக்கைக் குழு, சேகரித்த இடம், மீனின் எண். ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு மரபணு இடத்துக்கும் இரண்டிரண்டு நிரல்கள். முதலில் அடிப்படை மீன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மீதியை வைத்து அதன் ஊரைக் கணிக்கச் சொல்லுங்கள். பிறகு கணினியிலேயே பாவனைக் கலப்புகள் செய்து, தெரிந்த விகிதம் எவ்வளவு சரியாகத் திரும்புகிறது என்று பாருங்கள். ஒரு குழுவில் நூற்றுக்குத் தொண்ணூறு மீன் சரியாகத் திரும்பவில்லை என்றால் அந்தக் குழுவைப் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடலாம். கடைசியாகத்தான் உண்மைக் கலப்பு. சினூக்கின் அடிப்படைத் தொகுப்பிலிருந்து வேண்டுமென்றே ஓர் ஆற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். விடுபட்ட ஆற்றின் மீன் எங்கே போய் விழுகிறது என்று கண்ணால் பார்த்தால், அடிப்படைத் தொகுப்பைப் பற்றி நான் மேலே சொன்னது மறக்காது.

விடையை ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். "கூடையில் மோர்தானா விரால் 40 விழுக்காடு" என்பதைவிட, "28க்கும் 52க்கும் இடையே, பெரும்பாலும் 40 அளவில்" என்று எழுதினால்தான் முடிவெடுப்பவருக்கு எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

இந்த முறை நமக்கு எங்கே தேவை

காவிரியின் கூன்முதுகு மஹசீரை எண்ணிப் பாருங்கள். புகழ் பெற்ற இந்த மீனுக்கு நீண்ட காலம் அறிவியல் பெயரே உறுதியாகவில்லை. மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து 2018இல்தான் அது டோர் ரேமாதேவி என்று நிலைநாட்டினார்கள். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. இதற்கிடையே லோனாவ்லா பொரிப்பகத்தின் நீலத்துடுப்பு மஹசீர் காவிரியில் விடப்பட்டு நிறைந்திருந்தது. எந்த ஆற்றில் எந்த மீன் என்ற அடிப்படைத் தொகுப்பு முன்பே இருந்திருந்தால், குஞ்சு விடும் முடிவை எடுத்தவர்கள் முன் வேறொரு தாள் இருந்திருக்கும். பாலாற்று ஏரிகளில் இன்று எந்தத் தொகுப்பும் இல்லாமல் குஞ்சு விட்டால், நாளை இங்கே என்ன இருந்தது என்று சொல்ல வழியிருக்காது. எனக்கு இதில்தான் உண்மையான கவலை.

ஆய்வு முடிந்ததும் மீதித் திசுவைக் கொட்டிவிடாதீர்கள். வயது பார்ப்பதற்காக என்றோ சேர்த்துவைத்த சால்மன் செதில்களிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் டிஎன்ஏ எடுத்திருக்கிறார்கள். குழாய்களை ஏரி வாரியாகப் பெட்டியிட்டு, களப்பதிவேட்டின் ஒரு நகலைப் பெட்டிக்குள்ளும் இன்னொன்றைத் துறை நூலகத்திலும் வையுங்கள். பெட்டியின் மேல் ஏரியின் பெயரோடு வட்டத்தின் பெயரையும் எழுதுங்கள், புதிய ஏரி, பெரிய ஏரி என்ற பெயர் நம் பக்கத்தில் ஊருக்கு ஒன்று உண்டு.